மாவ்பிச் செம்மண்ணில் லைக்கன்

நவ. 4, திங்கள்

மழை விட்டது. நகரத்துக்கு வெளியே மாவ்பி. கத்தி, காகித உறை, குடை. கல்லூரி டிரைவர் கோ ஜோ வண்டி ஓட்டினார்.

மண் லைக்கன் தேடல். பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் வெள்ளைப் பொருக்கு; ஒரு இடத்தை மூடப் பல பத்து வருஷம் ஆகும். நகரத்துக்குள் எங்கள் அலோனில் கிடையாது, அதற்குப் புகை ஆகாது. நல்ல மண்ணில் புல் முந்திக்கொள்ளும். அடிமண் மேலே வந்து, பிறகு யாரும் மிதிக்காமல் கிடக்கிற இடம்தான் பிடிக்கும்.

ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் கிடைத்தது! புல் நடுவே சின்னச் சின்ன வெள்ளை நீள்சதுரங்கள், வரிசையாக. குதிக்காத குறை. ஓரத்தில் இருந்த ஒன்றை முழுக்கச் சுரண்டி உறையில் போட்டேன்.

வயல்காரி டோ சீன் வந்து பார்த்தார். பர்மியில் கேட்டார்: "உங்க தமிழ் ஆளுங்க பச்சப்புள்ளைங்களப் பொதைக்கிற எடமாச்சே டீச்சர். அதையா சொரண்டுறீங்க?"

கோ ஜோவிடம் தலைவலி என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

நவ. 5, செவ்வாய்

வெயில். காலை மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்திலேயே ஆறியது. நம்மில் பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை. புதைப்பார்கள், கல் வைக்கமாட்டார்கள், பெற்றவளுக்கு இடம் சொல்லமாட்டார்கள். பிறந்ததும் செத்த என் மகளை என் வீட்டுக்காரர், இவர்தான் எடுத்துப் போனார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றுதான் கேட்டேன்.

"மாவ்பிதான். ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால. திரும்பிப் பாக்காம வான்னாங்க. வந்துட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உறை மேசைமேல். அந்த அறைக்குள் போகப் பயமாக இருக்கிறது.

நவ. 10, ஞாயிறு

மாவ்பிக்குப் போகலாம் என்று இவரே கூப்பிட்டார். பஸ். வரிசைகளுக்கு நடுவே நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார். கடைசியில் நான் சுரண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதுதான்டி. அன்னைக்கும் இப்படித்தான் வெறுஞ் செம்மண்ணா இருந்துச்சு. மத்ததெல்லாம் மூடிப்போச்சு. இவ மட்டும் நமக்காகத் தெறந்து வெச்சிருக்கா."

அழுதார். பெற்ற தாய் செத்தபோதுகூட அழாத மனுஷன். சுரண்டியது நான்தான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. யார் பெற்ற பிள்ளையோ. என்னுடையதாகவும் இருக்கலாம்.

நவ. 14, வியாழன்

மின்சாரம் இல்லை. அரிசி தீர்ந்தது. லைக்கன் எங்கெங்கே உண்டு என்று காட்டும் பரவல் படத்தில் மாவ்பியைக் குறிக்கவில்லை. குறித்தால் இன்னும் நாலு பேர் கத்தியோடு வருவார்கள்.

இவர் பெயர் வைத்துவிட்டார். செல்வி. சோற்றைப் பிசைந்துகொண்டே, "செல்விக்கு இப்ப முப்பத்திரெண்டு" என்கிறார். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருக்கிறது.

"வாராவாரம் போவோம். எடம் மறந்துரக்கூடாது."

மறக்காது. அந்த மண்ணை லைக்கன் மறுபடி மூடும்போது நாங்கள் இருக்கமாட்டோம்.