ராகு காலத்தில் விற்ற யூரோ

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சித்தூர் வண்டி ஏற வழக்கமான முண்டியடிப்பு. ஜன்னல் சீட் கிடைத்தது. வாரம் நல்லபடி போகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஃபேக்டரி கேட்டைத் தாண்டினால் மாம்பழ வாசனை. லைன் 1 ஓடுகிறது. லைன் 2 மூடிக் கிடக்கிறது. அதன் ஷட்டர் பெட்டி மேல் ஒரு காக்கா கூடு கட்டிவிட்டது. யாரும் திறக்கப் போவதில்லை என்று அதற்கே தெரிந்திருக்கிறது!

ரோட்டர்டாமிலிருந்து மெயில் (இனி ரோ. நம் கம்பெனியின் தலைமை ஆபீஸ்). நீளமான இங்கிலீஷ். சாரம் இவ்வளவுதான்: இந்த சீசன் மாம்பழக் கூழுக்கு வரப்போகும் யூரோவை என்ன விலைக்கு விற்பது என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் பேங்கோடு முடித்துவிட்டால் லைன் 2 திறக்கலாம். இல்லாவிட்டால் போன வருஷம் போல ஒரே லைன்.

குறை சொல்ல முடியாது. விவசாயிக்கு மாங்காய்க்கு இப்போதே ரூபாயில் கொடுக்கிறோம். ஐரோப்பாக்காரர்கள் கூழுக்கு நவம்பரில் யூரோவில் தருவார்கள். நடுவில் யூரோ விழுந்தால் போட்ட உழைப்பெல்லாம் போச்சு. நவம்பர் யூரோவுக்கு இன்றே விலை பேசி வைத்தால் அந்தப் பயம் இல்லை. அதற்குப் பெயர் ஃபார்வர்டு. கணக்குப் போடுவது என் வேலை. பேங்கில் வாய் திறந்து "டன்", முடிச்சாச்சு என்று சொல்லும் அதிகாரம் மு.கி. சாருக்கு மட்டும்.

மு.கி. சார் = முனிகிருஷ்ணா, பிளான்ட் ஹெட். தங்கமான மனுஷன். ஆனால் ராகு காலம், வர்ஜ்யம் இரண்டிலும் ஒரு பேனா வாங்கக்கூட கை நீட்ட மாட்டார். வர்ஜ்யம் என்பது தெலுங்குப் பஞ்சாங்கத்தில் எதையும் தொடங்கக் கூடாத நேரம். தினம் மாறும். அவர் மேஜைக்குப் பின்னால் காலண்டர், சிவப்புப் பேனாவில் கட்டம் கட்டமாக.

போன வருஷம் என்ன நடந்தது? பேங்க் டீலர் போனில் ரேட் சொன்னார். சொன்ன ரேட் ஒரு மூச்சு நேரம்தான் நிற்கும். சார் காலண்டரைப் பார்த்தார், "அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். வர்ஜ்யம் முடிந்தபோது ரேட் இறங்கியிருந்தது. ஏறட்டும் என்று காத்தார். சீசன் முடியும்வரை காத்தார். லைன் 2 திறக்கவே இல்லை. அதில் வேலை செய்த பெண்கள் எல்லாரும் பலமனேருக்குத் தக்காளி பறிக்கப் போனார்கள்.

லைன் 2 மேஸ்திரி கங்கம்மா கேட்டிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏம்மா தேவகி, இந்த வாட்டியாவது தொறப்பாங்களா? பொம்பளைங்க கேட்டுக்கினே கீறாங்க. நா இன்னானு சொல்ல?"

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

"வெள்ளிக்கெழமையா? அன்னிக்கு உங்க சார் பேனாவே தொட மாட்டாரே!"

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். குடை பஸ்ஸிலேயே போச்சு. இந்த வருஷத்தில் இரண்டாவது. வீட்டில் சேகரிடம் சொல்லக் கூடாது.

சாரோடு உட்கார்ந்தேன். கையில் ஆர்டர் இருக்கும் கூழுக்கு ஃபார்வர்டு போதும். வரலாம் வராமலும் போகலாம் என்கிற ஆர்டருக்கு ஆப்ஷன்: பிரீமியம் கட்டினால் குறித்த விலைக்கு விற்கும் உரிமை நமக்கு, கட்டாயம் இல்லை. தேவைப்படாவிட்டால் பிரீமியம் மட்டும் போகும். அதை ரோ. பார்த்துக்கொள்வார்கள்.

"காசு குடுத்துட்டு ஒண்ணும் வாங்காம வரதா?" என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் புரிகிறது. புரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகப் புரிகிறது.

"அப்ப இன்னிக்கே முடிச்சிடலாமா சார்?"

திரும்பிக் காலண்டர். "இப்ப வத்தம்மா, வேணாம். மூணு மணிக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி வர்ஜ்யம்."

"நாலரைக்கு மேல?"

"நாலரைக்கு மேல மார்க்கெட்ல யாரு இருப்பான்? டல்லு."

கோபம் வந்தது. காட்டவில்லை. கேன்டீனில் போய் இரண்டு மசால் வடை சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது. கோபம் பாதி போச்சு.

ஷட்டர் காக்கா முட்டை போட்டுவிட்டதாம். செக்யூரிட்டி ஏணி வைத்துப் பார்த்துச் சொன்னார். இறங்கும்போது மண்டையில் கொத்து வாங்கினார்.

ஜூன் 11, புதன்

மாலை நல்ல மழை. பஸ் கூரை ஒழுகியது. குடை இல்லை.

வாங்க: குடை, துவரம்பருப்பு, சேகருக்கு சாக்ஸ், ஸ்கேல் (பாப்பா உடைத்துவிட்டாள்).

இன்றும் ஆகவில்லை. காலை முழுக்க ரேட் நன்றாக இருந்தது. சாருக்கு வேறு மீட்டிங். மீட்டிங் முடிந்தால் ராகு காலம். எனக்கு நாள் முழுக்க போனில் அந்தப் பச்சை எண்ணும் சிவப்பு எண்ணும்தான். ஏறினால் சிரிக்கிறேன், இறங்கினால் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். பயித்தியம் பிடித்துவிடும் போல.

வீட்டில் சேகர். (கணவர். திருப்பதியில் ஒரு லாட்ஜ் மேனேஜர். வீட்டிலும் பாதி நேரம் ரூம் புக்கிங்தான் பேசுவார்.) "இன்னா, இன்னிக்கும் யூரோவா? மொதல்ல சோறு துன்னு."

வீட்டு லோன் வட்டி ஏறிவிட்டதாக மெசேஜ் வந்திருக்கிறதாம், புலம்பல். எங்கள் ஃபேக்டரி புது மெஷினுக்கு வாங்கிய யூரோ கடனும் இப்படித்தான் ஏறி இறங்கும் வட்டியில் இருந்தது, ரோ. அதை ஸ்வாப் போட்டு ஒரே வட்டியாக்கிவிட்டார்கள் என்றேன். இவர்கள் ஒரே வட்டி கட்டுவார்கள், ஏறி இறங்குவதை எதிராளி பார்த்துக்கொள்வான்.

"நமக்கு அப்டி எவனாவது கெடைப்பானா?"

"உங்கள மாதிரி ஆளுக்கு எவன் வருவான்?"

சிரித்துக்கொண்டே சாப்பிடும்போது அவர் போன் அடித்தது. பெங்களூர் கஸ்டமர். "சரி சார், அந்த ரேட்டுக்கு ரூம் காலியானா உங்கள கேக்க மாட்டேன், உங்க பேர்ல போட்டுர்றேன். நீங்க தூங்குங்க."

நான் ரசத்தில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கேக்க மாட்டேன், போட்டுர்றேன்!

பேங்கில் அதேதான் லிமிட் ஆர்டர். இந்த ரேட் வந்தால் விற்றுவிடு என்று முன்னாலேயே சொல்லி வைக்கலாம். ரேட் எப்போது தொட்டாலும் டீலர் விற்பார். போன் அடிக்காது, யாரையும் கேட்க மாட்டார்கள். படித்தது, தெரிந்தது. மூன்று நாளாக மண்டையில் உதிக்கவில்லை. சார் சொல்வதை நல்ல நேரத்தில் சொல்லட்டும். விற்பது எந்த நேரத்தில் நடந்தால் என்ன?

சேகர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தேன். பாப்பா பார்த்து "அய்யே" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்ட காலை. மலை கழுவி வைத்த மாதிரி தெரிந்தது. சந்தோஷமாகவே பஸ் ஏறினேன்.

சாரிடம் சொன்னேன். காலண்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"மனம் செப்பினது, நாம சொன்னது எப்போ, அதுதானே முகூர்த்தம்?"

"அதேதான் சார். நாம சொன்ன நேரம்தான் கணக்கு."

"அவன் விக்கற டைம்?"

"அது அவன் டைம் சார். அவன் பஞ்சாங்கம் அவன் பாத்துக்குவான்."

விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆபீஸ் பிள்ளையார் முன் கற்பூரம். பிறகு ஸ்பீக்கரில் போன். டீலர் சென்னைக்காரர், படபடவென்று பேசுவார். இருக்கும் ரேட்டில் வைக்கலாம் என்றேன். சாருக்கு ஆசை விடவில்லை. "பத்து பைசா மேல வைம்மா." வைத்தார்கள்.

அந்தப் பத்து பைசாதான் இப்போது உறுத்துகிறது. மாலைவரை தொடவில்லை. நாளை மாலைக்குள் தொடாவிட்டால் எல்லாம் போச்சு.

கங்கம்மாவைப் பார்க்காமல் பின்பக்க கேட் வழியாக வந்தேன். வெட்கமாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

முழுவதும் எழுதிவிட வேண்டும்.

காலை பஸ் லேட். ஓட்டமாக ஓடி சார் ரூமுக்குள் நுழைந்தேன். மூச்சு வாங்குகிறது. காலண்டர் இன்று ஒரே சிவப்பு. பத்தரையிலிருந்து ராகு காலம். அதை ஒட்டித் துர்முகூர்த்தம். மத்தியானம் வர்ஜ்யம், மார்க்கெட் மூடும்வரை. இருப்பது இந்தக் கொஞ்ச நேரம்தான்.

"சார், ரேட் நம்ம ஆர்டருக்குக் கீழயே கீது." அவசரத்தில் பிறந்த ஊர் நகரிப் பேச்சே வந்துவிட்டது. "பத்து பைசா ஆசைய விட்டுடுங்க. இப்ப இறக்கி வெச்சா, இதுவும் நல்ல நேரத்துல சொன்னதுதான். பத்தரைக்கு மேல நீங்க பேச மாட்டீங்க. அப்பறம் லைன் 2 இல்ல."

"ஏறிச்சுனா? நஷ்டம் ஆகுமே அம்மா?"

"ஏறினா நஷ்டம் இல்ல சார். வராத லாபம். விழுந்தாதான் நஷ்டம். நமக்கு மாங்கா வியாபாரம். யூரோ வியாபாரம் இல்ல."

இதை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சார் என்னையே பார்த்தார். ஜன்னல் வழியே மூடிய ஷட்டரைப் பார்த்தார். கங்கம்மாவும் நாலைந்து பெண்களும் அதன் அடியில் உட்கார்ந்திருந்தார்கள், காக்காவுக்குப் பயந்து தலையில் தட்டு கவிழ்த்துக்கொண்டு.

"சரே. எறக்கு."

டீலருக்குப் போன். எட்டு பைசா இறக்கியாயிற்று. போனை வைத்ததும் சார் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. "ஸ்வாமி காப்பாத்தினார்" என்றார்.

பிறகு காத்திருப்பு. மோர் குடித்தேன். இன்வாய்ஸ் இரண்டைத் தப்பாக அடித்தேன். ராகு காலம் பாதி போயிருக்கும், சார் மேஜையில் போன். சார் எடுக்கவில்லை. கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். அடிக்கிறது, அடிக்கிறது.

"நீ எடும்மா. நான் இல்ல."

"நீங்க இங்கதான உக்காந்துகினு இருக்கீங்க?"

"போனுக்கு நான் இல்ல!"

எடுத்தேன். "மேடம், உங்க ஆர்டர் மொத்தமும் ஃபில் ஆயிடுச்சு, வித்தாச்சு. கன்ஃபர்மேஷன் மெயில் வரும்."

போனை வைத்தேன். சார் என்ன ரேட் என்று கேட்கவில்லை. முதல் கேள்வி: "எப்போ?"

"காலைல சார். நீங்க சொன்னப்பவே."

மனுஷன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர். போன வருஷத்தை இவரும் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "போன வாட்டி அந்த பொம்பளைங்க முகத்த பாக்கவே முடியலம்மா" என்றார்.

கீழே ஓடினேன். செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது. "கங்கம்மா! தொறக்கறாங்க!"

அவள் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். காக்கா நேராக வந்து அவள் கொண்டையில் ஒன்று வைத்தது. "கொத்துடி கொத்து, இன்னிக்கு நீ இன்னா பண்ணாலும் சரி!"

மாலை ரோ. ஓகே மெயில். கேட் பலகையில் மாங்காய் கொள்முதல் விலை எழுதினார்கள். இனி யூரோ எப்படி ஆடினாலும் இந்த விலையை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

சுகமான வெயில். நகரியிலிருந்து நைனா (அப்பா) வந்தார், பாப்பாவுக்குப் பாவாடைத் துணியோடு. நான் விஷயத்தைச் சொல்ல, "நவம்பர்ல வர்ற துட்ட ஜூன்லயே வித்துட்டியா? கெட்டிக்காரிதான்" என்றார். எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. பெருமையாக இருந்தது.

சேகர் மட்டும் விடவில்லை: "ஐடியா என்னுது. எனக்கு கமிஷன் எங்க?" கமிஷனாகப் புது சாக்ஸ் கொடுத்தேன். குடை விஷயம் வெளியே வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

தூறல். புதுக் குடை.

நல்ல நேரம் பார்த்து லைன் 2 ஷட்டர் தூக்கியாயிற்று. கூட்டை எடுக்க சார் விடவில்லை. ஷட்டர் பாதிதான் ஏறும், எல்லாரும் குனிந்தே போக வேண்டும். பெண்களுக்கெல்லாம் ஹெல்மெட். சாருக்கும். ஐரோப்பாவுக்குக் கூழ் அனுப்பும் கம்பெனி!

முதல் டிரம் நிரம்பியதும் கைதட்டல். கங்கம்மா ஒரு தம்ளர் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த இனிப்பு இன்னும் நாக்கில்.

அக்கவுண்ட்ஸ் பிரசாத் மத்தியானம் போனைக் காட்டிக்கொண்டே வந்தான். "மேடம், யூரோ ஏறிடுச்சு. வெய்ட் பண்ணிருந்தா செம லாபம். சார் கிட்ட நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

சார் அந்தப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தார், ஹெல்மெட்டோடு. கேட்டுவிட்டார். நான் எழுந்து நின்றேன்.

பிரசாத் போனை நீட்டினான். "சார், இன்னிக்கு ரேட்டு..."

"வத்து வத்து, சொல்லாதே" என்று சார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஹெல்மெட் மேலேயே. "எனக்கு மாங்கா வியாபாரம்."

போய்க்கொண்டே இருந்தார். லைன் 2 சத்தத்தில் அப்புறம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் சீட். வீடு வந்து சமையல் முடித்து, பாப்பா தூங்கிய பிறகுதான் நினைவு வந்தது: காலையிலிருந்து நான் ரேட் பார்க்கவே இல்லை.