சட்டைக்குள்ள மறைச்சது

கோகிலா,

நீ தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு எழுதுறேன். ரொட்டியை மூடி வச்சிருக்கேன், சாவி பக்கத்துல ராசம்மாக்கா வீட்டுல.

படுக்கிறப்பகூட சட்டையைக் கழட்டலன்னு, வேற பொம்பள இருக்காளான்னு நேத்து கேட்ட. அப்படி யாரும் இல்ல. இடது மார்பு பொம்பளைக்கு இருக்கிற மாதிரி வீங்கியிருக்கு. வெட்கத்துல மறைச்சேன்.

கேகாலையில டாக்டர் தொட்டுப் பார்த்துட்டு, மார்பைப் படம் எடுத்து ஸ்கேனும் பண்ணச் சொன்னாரு. "சாதாரண வீக்கம்னா காம்புக்கு நேர் கீழ இருக்கும். இது ஓரமா, கல்லு மாதிரி இருக்கு"ன்னாரு. ஊசியால சதை எடுத்துப் பார்த்ததுல புற்றுநோய்னு வந்திருச்சு. இன்னைக்கு கொழும்பு பெரியாஸ்பத்திரி வார்டுல சேர்றேன், வியாழக்கிழமை வெட்டி எடுப்பாங்க.

மக சசிகிட்ட அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லு. வேலையை விட்டுட்டு நீ வர வேணாம்.

ஜெகன்

பஸ்ஸுக்கு நேரமாச்சு. வர வேணாம்னு எழுதினது பொய். எனக்குப் பயமா இருக்கு. இதைப் பார்த்ததும் வந்துரு.