நசுங்கிய குடம்

பூனா
ஆகஸ்ட் 1968

அன்புள்ள அம்மாவுக்கு இன்னாசிராஜ் தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

வானிலை ஆபீசில் இப்போது எனக்குப் பாய்சான் கணக்கு. எப்போதாவது நடப்பது ஒரு வருஷத்தில் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். நேற்று நம் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கல்மழைக்குப் போட்டேன். பழைய பதிவில் ஒரு தடவைகூட இல்லாததால் விடை பூஜ்யம்.

"எங்க செவலப் பசுவே கல்லடி பட்டுச் செத்துச்சிங்க சார்" என்றேன்.

"ரெக்கார்டுல இருக்காய்யா?" என்று சிரித்தார் அதிகாரி, தமிழர்தான். நானும் சிரித்துவிட்டுப் பூஜ்யத்தையே எழுதிக் கொடுத்தேன்.

பசு செத்த அந்தக் கல்மழையில் நசுங்கிய பித்தளைக் குடத்தைப் போட்டுப் புதுசு வாங்குவதாக எழுதியிருந்தீர்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் வரும்வரை அதைப் போட்டுவிடாதீர்கள். அந்த மழைக்கு வேறு அத்தாட்சி இல்லை.

மகன்,
இன்னாசிராஜ்