மூன்றாம் எண் சிவப்பு

அக்கா,

மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதிரில் இருந்த மூன்று வருடத்தில் நான் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் தேறாது. இப்போது நீங்கள் இல்லாதபோது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் வேலை நேரத்தில், ப்ரூஃப் அடித்து மீந்த தாளின் பின்பக்கத்தில். திட்டுவதானால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

என் கையில் தோல் வாசனை அடிக்கிறது. அச்சு மையும் மண்ணெண்ணெயும் ஊறிப்போன இந்தக் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தோல் சீட்டைத் தொட்டேன். அப்புறம் கையைக் கழுவவே மனம் வரவில்லை. உங்கள் கார் வந்துவிட்டது அக்கா! காலை பதினோரு மணிக்கு, நம் அச்சகத்து முற்றத்தில், மூடிய லாரியின் வயிற்றிலிருந்து இறங்கியது. வேலை செய்த இருபது பேரும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். இன்று எல்லோருக்கும் மன்னிப்பு உண்டு என்று உங்கள் வீட்டுக்காரர், நம் அண்ணாச்சி, சொல்லிவிட்டார்.

எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அன்று உங்கள் அறைக்கு லேபிள் ப்ரூஃப் கொண்டுவந்தேன். நீங்கள் கம்ப்யூட்டரில் சென்னை ஷோரூம்காரரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். திரையில் தரையோடு தாழ்ந்த ஒரு இத்தாலிக் கார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஒரு சிவப்பைக் காட்டி, “இதுதான் மேடம் எல்லாரும் எடுக்கிற கலர்” என்றார். நான் வாய்க்குள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

“என்ன புள்ள முணுமுணுக்க?”

“ஒண்ணுமில்லக்கா.”

“வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்? சத்தமாச் சொல்லு.”

“அது ஸ்கிரீன் சிவப்புக்கா. வெயில்ல அப்படி இருக்காது.”

நீங்கள் ஷோரூம்காரரைப் பார்த்து, “கேட்டுக்கிட்டீகளா சார்? எங்க கலர் டிபார்ட்மென்ட் சொல்லிருச்சு” என்றீர்கள். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டாசுப் பெட்டியின் லேபிளில் சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு டிபார்ட்மென்ட் என்று ஒரு பெயர் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

அன்று மாலையே காருக்கு ஒரு ஜாப் கவர் போட்டீர்கள். நம்மிடம் வருகிற ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பழுப்புக் கவர், அதன் மேல் நம்பர், உள்ளே பார்ட்டி கேட்டதெல்லாம் எழுதிய தாள், கடைசியில் கையெழுத்துப் போட்ட ஓகே ப்ரூஃப். ஓகே இல்லாமல் எந்தக் கவரையும் மூடக் கூடாது. பார்ட்டி பெயர் எழுதுகிற இடத்தில் உங்கள் பெயரையே எழுதினீர்கள். “இந்தப் பார்ட்டி ரொம்பத் தொல்ல புடிச்சவ, பாத்து நட” என்றீர்கள்.

உண்மைதான். ஒன்றரை மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாம் இருவரும் அந்தப் பட்டியலோடு உட்கார்ந்தோம். சக்கரத்தில் மட்டும் எட்டு வகை. தையல் நூலுக்கு இருபது நிறம். சீட் பெல்ட்டுக்குத் தனியாக ஒரு பக்கம். இத்தனை கேள்வியை யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டில் தீபாவளிச் சுடிதாருக்கே இரண்டு நிறத்துக்கு மேல் காட்ட மாட்டார்கள். பட்டியலில் தீயணைப்பான் என்று ஒரு வரி இருந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் விரலை வைத்தோம். வேறெதையும் தேர்ந்தெடுக்கும் முன்பே நம் காருக்குத் தீயணைப்பான் வந்துவிட்டது. “சிவகாசிக்காரங்க வேற எத மொதல்ல டிக் அடிப்பாங்க?” என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் வெளியே கட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

வண்டியின் மூக்கை ஒரு பொத்தானில் தூக்கும் வசதி வேண்டுமா என்று ஷோரூம்காரர் கேட்டபோது, நாளைக்குச் சொல்கிறேன் என்றீர்கள். மறுநாள் காலை அச்சகத்து இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு திருத்தங்கல் சாலைக்குக் கிளம்பினோம். பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு வேகத்தடை பக்கத்தில் நீங்கள் குத்துக்காலிட்டு அளக்கிறீர்கள். நான் நோட்டில் எழுதுகிறேன். மினி பஸ்காரர் ஹாரன் அடித்து, “என்னக்கா, ரோட்ட அளக்கீக? அகலப்படுத்தப் போறாகளா?” என்றார். “ஆமாய்யா, ஒன் வீட்டு வழியாத்தான் போகுது. நாளைக்குள்ள காலி பண்ணிரு!” என்றீர்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. மூக்குத் தூக்கி கட்டாயம் வேண்டும் என்று அன்றே முடிவானது.

முன்பக்க டிக்கியின் படத்தைக் காட்டியபோது, “இருக்கன்குடி கோயிலுக்குப் போனா பொங்கப் பானைய எங்கன வைக்க?” என்று நீங்கள் கேட்டதும், பாவம், அவர் இத்தாலிக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். கேட்டாரா என்று தெரியவில்லை. இன்று நான் அளந்து பார்த்தேன். சின்னப் பானை வைக்கலாம் அக்கா.

நிறத்தில்தான் நின்றுவிட்டோம். கம்பெனி கொடுத்த அட்டையில் இருந்த சிவப்பு எதுவும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ஒட்டகச்சிவிங்கிப் புஸ்வாண லேபிளைத் தட்டிக் காட்டினீர்கள். அச்சகம் உங்கள் கைக்கு வந்து நீங்கள் முதன்முதலாக ஓகே போட்ட லேபிள் அது. “இந்தச் செவப்புக்கு நான் ஒரு வாரம் மை கலந்தேன். எனக்கு இதான் வேணும்.” மாதிரி அனுப்பினால் அதே நிறத்தில் அடித்துத் தருவார்களாம், அதுவும் பட்டியலில் ஒரு வரி. தாளில் ஒரு மாதிரியும் அட்டையில் ஒரு மாதிரியும் மை உட்காரும் என்று நாம் பெட்டியையே அனுப்பக் கிளம்பினோமே, வேறு ஊர்க்காரர்கள் யாராவது அந்தத் தப்பைச் செய்வார்களா? கூரியர் கடைப் பையன் பெட்டியைத் தொடவே இல்லை.

“காலிப் பெட்டிதான் தம்பி” என்றீர்கள்.

“பட்டாசுன்னு எழுதியிருக்கே மேடம். அதுவும் சிவகாசிலருந்து. என் வேலைக்கு உல வச்சிராதீக.”

மூன்று கடையிலும் அதே பதில். கடைசியில் ஒட்டகச்சிவிங்கியை விட்டுவிட்டு, எழுத்து எதுவும் இல்லாத ஓரத்தில் உள்ளங்கை அளவு சிவப்பை வெட்டி அனுப்பினோம்.

பதில் வர நாலு மாதமானது. அதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, மதுரையில் சேர்த்திருந்தார்கள். பார்சல் வந்த அன்றே அண்ணாச்சி என்னை பஸ் ஏற்றிவிட்டார். மூன்று உலோகத் துண்டுகள், கைக்கு அடக்கமாக, லேசாக வளைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு, பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்டிக்கர். மூக்கில் குழாயோடு நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள். நான் கொண்டுவந்திருந்த இன்னொரு ஒட்டகச்சிவிங்கி லேபிளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். இரண்டாவதும் லேபிளும் ஒன்று போலவே இருந்தன. “இதான் புள்ள, இதேதான்!” மார்க்கர் பேனாவை வாங்கி, பின்பக்கம் ஓகே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள். கையெழுத்து எப்போதும் போல நேராக விழுந்தது.

அந்த அறையில் ஜன்னலே இல்லை அக்கா. தலைக்கு மேல் ட்யூப்லைட்.

நிறத்தை வெயிலில் பார்க்காமல் ஓகே போடக் கூடாது என்பது நம் அச்சகத்தில் நீங்கள் வைத்த சட்டம். ஓகே நீங்கள் மட்டும்தான் போடுவீர்கள். “போட்டவதான் தப்புக்கும் பொறுப்பு” என்பீர்கள். ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சிவப்பு வெளியே போனால் அண்ணன் தம்பி கூட இல்லை என்று எனக்கு அன்றாடம் தெரிகிற விஷயம். ஆனால் நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று துண்டுகளையும் லேபிளையும் வெளியே எடுத்தேன். இரண்டாவது துண்டு வெயிலில் ஊதாப் பக்கம் சாய்ந்து, பழைய பீட்ரூட் போலக் கிடந்தது. மூன்றாவதுதான் நம் ஒட்டகச்சிவிங்கிச் சிவப்பு. பார்வை நேரம் முடிந்திருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். மறுநாள் உங்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள், யாரையும் உள்ளே விடவில்லை. அதற்கு மறுநாள் நீங்கள் இல்லை.

அந்த வாரமே ஷோரூம்காரர் கூப்பிட்டார். நிறத்தைச் சொல்ல அதுதான் கடைசி நாள், அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. ஆர்டரை விட்டுவிடலாம் என்று வீட்டில் எத்தனையோ பேர் சொன்னார்கள். அண்ணாச்சி கேட்கவில்லை. “அவ கேட்ட காரு வரட்டும். அவ ஓகே போட்டது எதுவோ அதயே சொல்லிரு தாயி” என்று என்னிடம் சொல்லிவிட்டு, உங்கள் கையெழுத்துப் போட்ட துண்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். வேம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலையைப் பார்த்துக்கொள்கிறவர், நிறமெல்லாம் உங்கள் பாடு என்று எப்போதும் ஒதுங்கிக்கொள்கிறவர். ஸ்டிக்கரில் என்ன எண் என்று அவர் பார்க்கவே இல்லை.

நான் மெயிலில் 2 என்று அடித்தேன். அழித்தேன். 3 என்று அடித்தேன். ஒரே ஒரு எண். அனுப்பிவிட்டு, நீங்கள் போட்ட ஓகேயை நீங்கள் போன நாலாம் நாளே மீறிவிட்டேன் என்றே நினைத்து உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஒன்பது மாதம் அண்ணாச்சி முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வழக்கமாகவே நான் பேசாதவள் என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கார் வருகிறது என்று இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். “கம்பெனிக்காரவுக காரு வாங்குனா ஒனக்கு எதுக்குடி வேர்க்குது?” என்றாள்.

காரின் மேலிருந்த உறையை உருவினார்கள். மிஷின்மேன் மாரிச்சாமி அண்ணன், “யாத்தே... கண்ணு கூசுது” என்றார். அவ்வளவு வெயில், அதில் அவ்வளவு சிவப்பு. நாம் தேர்ந்தெடுத்த மஞ்சள் பிரேக், கறுப்புச் சக்கரத்துக்குள்ளிருந்து புஸ்வாணப் பொறி மாதிரி எட்டிப் பார்த்தது. மஞ்சள் நூல் தையலும் சரியாக இருந்தது. எனக்குச் சத்தம் போட வேண்டும் போலிருந்தது. ஆனால் அண்ணாச்சி சட்டைப்பையில் கை விட்டார். உங்கள் கையெழுத்துத் துண்டை எடுத்து, நம் ஆட்கள் ப்ரூஃபையும் அடித்த தாளையும் ஒத்துப் பார்ப்பது போல, காரின் முன்பக்கத்தில் வைத்தார்.

நெருப்பின் மேல் பீட்ரூட்.

“என்ன சார் இது? அவ ஓகே போட்ட கலர் இல்லயே?”

ஷோரூம்காரர் போனைத் துழாவினார். “சார், மெயில்ல மூணுன்னுதான் வந்துச்சு.” இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மெயிலை அனுப்பியது நான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“நாந்தான் மாத்துனேன் அண்ணாச்சி” என்றேன். சத்தமாகவே வந்தது. ஆஸ்பத்திரி அறை, ட்யூப்லைட், பஸ் ஸ்டாப், எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். என் வாழ்க்கையில் இத்தனை பேர் முன்னால் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அண்ணாச்சி நேராக உங்கள் அறைக்குள் போனார். மேசைக் கண்ணாடியைத் தூக்கும் சத்தம் கேட்டது. ஒட்டகச்சிவிங்கி லேபிளோடு வந்து அதைக் கார் மேல் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். லேபிளின் ஓரமே தெரியவில்லை அக்கா. சிவப்போடு சிவப்பாகிவிட்டது.

“ஒட்டகச்சிவிங்கி கார்ல ஏறிருச்சு” என்றார் மாரிச்சாமி அண்ணன்.

அண்ணாச்சி திரும்பி, “ட்யூப்லைட்லயா ஓகே போட்டா? வேற யாராச்சும் போட்டிருந்தா இந்நேரம் தெருவுல நிறுத்தியிருப்பாளே!” என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “ஏந் தாயி, ஒம்போது மாசமா மனசுல வச்சுக்கிட்டா திரிஞ்ச?”

“இந்தத் தப்பான ப்ரூஃப வெயில்ல பாத்திருந்தா அக்காவே கிழிச்சிருப்பாங்க அண்ணாச்சி.”

“தகரத்த எங்க போய்க் கிழிக்க?” என்று அந்த இரண்டாவது துண்டை மறுபடி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “கலர் தப்பா இருந்தாலும் கையெழுத்து அவளுதுதானே.”

அப்புறம் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அண்ணாச்சி உள்ளே போக ஐந்து நிமிடம் ஆனது. “இது உக்கார்றதா, கெணத்துல எறங்குறதா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். ஸ்டார்ட் செய்தார் பாருங்கள், பத்தாயிரம் வாலா ஒன்றாகப் பற்றிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்! வெடிச் சத்தத்திலேயே வளர்ந்த நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு குதித்தோம். வாசல் மேட்டில் மூக்கைத் தூக்கி, ஒரு கீறல் இல்லாமல் சாலையில் இறங்கி, சாத்தூர் பக்கம் போய்விட்டார். இன்னும் திரும்பவில்லை.

எல்லோரும் மிஷினுக்குப் போய்விட்டார்கள். மாரிச்சாமி அண்ணன் மட்டும் நீங்களே பெயர் எழுதிய அந்தப் பழுப்புக் கவரைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, “மால் டெலிவரி ஆயிருச்சு. ஓகே இல்லாம இத எப்படி மூடுறது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது துண்டு என் கையில் இருக்கிறது. ஒன்பது மாதமாக மதியச் சாப்பாட்டுப் பையில் கர்ச்சீப்பில் சுற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவந்த துண்டு. ஜன்னலில் இன்னும் நல்ல வெயில் இருக்கிறது. ஒருமுறைக்கு நாலுமுறை பார்த்துவிட்டேன். பின்பக்கம் எதுவும் எழுதாமல் வெறுமையாக இருக்கிறது. மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருடமாக ப்ரூஃபை உங்களிடம் நீட்டும்போதெல்லாம் கேட்க நினைத்து, கேட்காமலே திரும்பிப் போனதை இப்போது கேட்கிறேன். தப்பென்றால் பொறுப்பு என்னுடையதே.

இதற்கு நான் ஓகே போடட்டுமா அக்கா?