நீ அனுப்பிய கம்பளிக் கோட்டு

பிரிட்ஜ்டவுன், பார்படோஸ்
9 ஜூலை 1979

அன்பு மகள் கோராலிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை எட்டிப் பார்க்கிறது. டொராண்டோவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம்.

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் கல்யாணத்தன்று உன்னைக் கைபிடித்து பலிபீடம்வரை கூட்டிப்போக இதைத்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கம்பளிக் கோட்டு, அதற்கு லைனிங், உள்ளே இன்னொரு கையில்லாக் கோட்டு, கழுத்தை இறுக்க ஒரு டை. ஆகஸ்ட் மாதம், பகல் பதினொரு மணி, நம் ஊர்த் தகரக் கூரைத் தேவாலயம். ஷர்ட்-ஜாக் போட்டு வந்தால் நான் ஓரமாக உட்கார வேண்டுமாம், உன் சித்தப்பா கூட்டிப்போவாராம், உன் வருங்கால மாமியாரின் உத்தரவு. அந்த அம்மாள் ஸ்பைட்ஸ்டவுன் கரையில் பறக்கும் மீன் கழுவியதைப் பார்த்தவன் நான். பன்னிரண்டு வருஷப் பனியில் சொந்த ஊர் வெயிலே மறந்துவிட்டது போலும்.

பத்து வருஷமாக வேலைக்கும் ஜெபத்துக்கும் சாவுக்கும் ஷர்ட்-ஜாக்தான் போடுகிறேன். அரைக்கை, திறந்த கழுத்து, வெளியே தொங்கும் சட்டை, கீழே இரண்டு பை. மந்திரிகளே அப்படித்தான் போகிறார்கள். இருந்தாலும் உனக்காகக் கோட்டை மாட்டி பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். எதிர்வீட்டு வெர்லீன், "யாரு செத்தா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே" என்றாள். இன்னும் சாகல, இனிமேத்தான் என்றேன்.

கைக்குட்டையை வைக்கப் போனால் பைக்குள் கை நுழையவில்லை. பொய்ப் பை வைத்து உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தையற்காரர் கிட்டென்ஸிடம் கொண்டுபோனேன். "யோவ், புதுக் கோட்டுன்னா பைய மூடித் தச்சுத்தான்யா விப்பான், நூலப் பிரிச்சா சரியாப்போச்சு. அறுபது வயசுல இதுகூடத் தெரியாதா" என்று சிரித்தார். தப்பு என்னுடையதுதான். கத்திரியை எடுத்தது எடுத்தீர், மிச்சத்தையும் வெட்டி ஷர்ட்-ஜாக் ஆக்கிவிடும் என்றேன். "கோராலி என்னத் தின்னுரும்" என்று மூன்று தடவை மறுத்தார். நாலாவது தடவை லைனிங்கை உரித்து, கழுத்தைத் திறந்து, இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே வெட்டினார்.

அதே துணிதான், உன் சம்பளத்தில் வந்தது, அதனால் உன் மாமியார் ஒன்றும் சொல்வதற்கில்லை. வெர்லீன் கேட்ட ஜாதிக்காய் அரைப்பானை மறக்காதே, ஏசு உன்னைக் காக்கட்டும். அன்றைக்குச் சித்தப்பாவும் நானும் வாசலில் நிற்போம், யாரை வேண்டுமானாலும் பிடித்துக்கொள். அவரைப் பிடித்தால் கம்பளி அகப்படும், என்னைப் பிடித்தால் கைதான்.

ஆசிகளுடன்,
அப்பா, கிளெமன்ட் ஹோல்டர்