இடக்கையன் எழுத்து

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வழுக்கி விழுந்து பத்து நாளாகிறது. இன்று காலை மளிகைச் சீட்டை இடக்கையால் எழுத உட்கார்ந்தேன். துவரம்பருப்பு என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.

'ப' சாய்ந்திருந்தது. 'ரு'வின் வால் நடுங்கியிருந்தது. என்னைப் பள்ளியை விட்டுத் துரத்திய சீட்டு இன்னும் என் அகராதிக்குள் இருக்கிறது. எடுத்து அருகில் வைத்தேன். இரண்டையும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தது.

எழுபதுகளில் நாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வந்த தலைமையாசிரியரை உனக்கு நினைவிருக்கிறதா? "கூடப் படிக்கிறவன் செய்ற தப்ப எழுதிக் குடு, எட்டணா வாங்கிக்க. உண்மைக்குக் கூலி குடுத்தா என்ன தப்பு?" என்றார். வாங்கிய சீட்டைப் பலகையில் ஒட்டுவார். எழுதியவன் பெயரை மட்டும் சொல்லமாட்டார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று எல்லோரும் இடக்கையால் எழுதினார்கள். பலகையில் இருந்த அத்தனை சீட்டும் ஒரே எழுத்தாகிவிட்டன.

அந்த எழுத்துக்கு ஒரு பெயர் வைத்தோம். இடக்கையன். "மெதுவாப் பேசுடா, பின்னாடி ஒக்காந்துருக்கான்" என்று சிரித்தோம். மழைக்காலம் வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு இடம் காலியாகவே இருந்தது. மற்ற பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோமே தவிர, அங்கே யாரும் போகவில்லை. இடைவேளையில் திடல் முழுக்கப் பிள்ளைகள் நிற்பார்கள். ஒரு சத்தமும் இருக்காது.

நீ பிறவியிலேயே இடக்கைக்காரன். அடித்து உன்னை வலக்கையால் எழுத வைத்தார்கள். ஆனால் கோட்டுச்சேரிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதும்போது தூரிகை உன் இடக்கைக்குப் போய்விடும். எழுத்து அச்சடித்ததுபோல் நிற்கும். பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

மாமா கொடுத்த பிராந்திப் பாட்டிலைப் பள்ளிப் பையில் வைத்துப் பூவத்தில் மாநில எல்லையைத் தாண்டினேன். அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் கடை. அதை உன்னிடம் மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் பலகையில் சீட்டு. அன்றே என்னை வெளியே அனுப்பினார்கள். போகிற போக்கில் அந்தச் சீட்டைப் பிய்த்துக்கொண்டேன்.

வாசலில் என் சட்டையைப் பிடித்தாய். "சத்தியமா நான் இல்லடா."

"ஒங்கிட்ட மட்டுந்தான சொன்னேன்? ஒன் இடக்கைதான் எழுதிருக்கு."

"என் இடக்க எழுத்த நீ பாத்துருக்கியேடா!"

நீ சொன்னது எனக்கு உறைக்கவில்லை. காலைப் பிரார்த்தனையில் பையை இறக்கும்போது பாட்டில் இடித்த சத்தத்தை யாராவது கேட்டிருக்கலாம் என்பதும் தோன்றவில்லை.

அந்தத் தலைமையாசிரியரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. சீட்டில் இருந்தது பொய் இல்லை. கொடுமையே அதுதான். தப்பு செய்தவன் ஒருவனைப் பிடிக்க, செய்யாத அத்தனை பேரையும் ஒருவரைக் கண்டு ஒருவர் பயப்பட வைத்தார். பள்ளி விழாவுக்கு அழைப்பு வந்தது, கிழித்துப் போட்டேன். அகராதி வைத்து நானே படித்துக்கொண்டேன். அவர்களுக்கு நான் எதுவும் கடன்படவில்லை.

ஒரு சீட்டுகூட எழுதாதவன் என்பது எனக்குப் பெருமை. ஒன்றே ஒன்று எழுதியிருந்தால், வலக்கைக்காரன் இடக்கையால் எழுதினால் எப்படி இருக்கும் என்று அன்றே கண்டிருப்பேன்.

எண்பதுகளில் ஒருநாள் என் சைக்கிள் கடைக்கு வந்தாய். நான் நிமிரவில்லை. பென்சிலை இடக்கையில் எடுத்து ஏதோ எழுதி நீட்டினாய்.

"பேச வேணாம். இத மட்டும் பாரு."

கசக்கிப் பஞ்சர் பார்க்கும் தொட்டியில் போட்டேன். தாள் மெல்ல விரிந்து மிதந்தது. அது மூழ்கும்வரை நின்றுவிட்டுப் போனாய்.

போன ஐப்பசியில் நீ இறந்த செய்தி வந்தது. நான் வரவில்லை.

கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். இந்த மடலையும் இடக்கையால்தான் எழுதுகிறேன். வரி வரியாக இடக்கையன்தான் வருகிறான். என் வீட்டில், என் மேசையில், என் தோளிலிருந்து. நம் வகுப்பில் அவனாக இல்லாத இடக்கை ஒன்றே ஒன்று. அது உன்னுடையது.

அந்தத் தாளில் என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. எழுத்து நேராக நின்றிருக்கும். அது மட்டும் தெரியும்.