கண்கட்டு முப்பது, எலுமிச்சை அறுபது

மார்ச் 3, செவ்வாய்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. தொம்மலூர் ஆபீஸ் மொட்டைமாடி டேங்கில் கால்வாசிதான். வழக்கம்போல ஆறரைக்கே முனிராஜுவுக்கு போன் போட்டிருந்தேன். "ஆய்த்து மேடம், பர்த்தினி" என்றான். எட்டரைக்குத் தண்ணீர் லாரியோடு வந்து நின்றான். இந்த ஊரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறவன் அவன் ஒருவன்தான்.

சனிக்கிழமை ஆபீஸ் அவுட்டிங். ஆனேக்கல் தாண்டி ஒரு ரிசார்ட். நாள் முழுக்க விளையாட்டாம். எண்பது பேர் ஒற்றுமையாக வேண்டுமாம். ஏற்பாடு எல்லாம் நான்.

எச்.ஆர். ஹெட் அரவிந்த் சார் மேஜைக்கே வந்தான். (இனி அ.சா. முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது. 'வந்தார்' என்றும் எழுதமாட்டேன். ஆபீஸில் மரியாதை கொடுத்துக் கொடுத்து நாக்கு தேய்ந்துவிட்டது. இது என் டைரி.)

"அக்கா, நீங்க இல்லாம இது நடக்கவே நடக்காதுக்கா."

கோயம்புத்தூர்க்காரன். என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். சாதாரண நாளில் "சுகந்தி, அந்த ஏசியப் பாருங்க." வேலை பெரிதானால் அக்கா. அக்கா என்று கேட்டாலே எனக்கு முதுகு வலிக்கிறது.

வாங்க வேண்டியவை:
எலுமிச்சை 60 (ஸ்பூனில் வைத்து ஓட)
பலூன் 200
கயிறு, தடிமன், 1 (இழுக்க)
கருப்புத் துணி, கண்கட்டு முப்பதுக்கு
சார்ட் பேப்பர், ஸ்கெட்ச், சேஃப்டி பின்
வலி ஸ்ப்ரே 4 (போன வருஷம் சாக்கு ஓட்டத்தில் ஃபைனான்ஸ் ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்)

அவன் கிளம்பும்போது என் டேக் விஷயம் கேட்டேன். "ப்ராசஸ்ல இருக்குக்கா" என்றான். போன மாதமும் இதுவே.

பதினோரு வருஷமாகக் கழுத்தில் மஞ்சள் டேக். மஞ்சள் என்றால் கான்ட்ராக்ட், ஏஜென்சி ஆள். நீலம் என்றால் கம்பெனி ஆள். கேன்டீனில் நீலம் ஒரு மணிக்குச் சாப்பிடும், மஞ்சள் இரண்டு மணிக்கு. மார்ச் 31-உடன் என் கான்ட்ராக்ட் முடிகிறது. "இந்தத் தடவை ப்ளூ டேக்தான், நான் பேசிட்டேன்" என்று அ.சா. பொங்கல் முடிந்து சொன்னான். நீலம் வந்தால் இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் வந்தால் இவருடைய முட்டி ஆபரேஷன். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் மேனேஜர் இவர். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் ஒக்கலிபுரம் வீட்டுப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "ம்ம்" கேட்கும்.

அதனால்தான் எலுமிச்சை வாங்கப் போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

கே.ஆர். மார்க்கெட். கூட்டம், வேர்வை. எலுமிச்சைக்காரி "ஊறுகாயா, பூஜையா?" என்றாள். ஆபீஸர்கள் ஸ்பூனில் வைத்து ஓட என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கயிறு பதினைந்து கிலோ இருக்கும். ஆட்டோக்காரன் தூக்கமாட்டேன் என்றான். நானே தூக்கினேன்.

டி-ஷர்ட் வந்துவிட்டது. நெஞ்சில் இங்கிலீஷில் பெரிதாக, நாம் ஒரே குடும்பம் என்று. எண்ணிப் பார்த்தேன், நீல டேக் எத்தனையோ அத்தனைதான். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பேன்ட்ரி, நான், மஞ்சள் ஏழு பேருக்கும் இல்லை. குடும்பத்தில் நாங்கள் யாரோ.

திவ்யாதான் லீவில் இருக்கும் ஒருவனுடையதை எடுத்துக் கொடுத்தாள். எச்.ஆரில் அ.சா.வுக்குக் கீழே வேலை செய்கிற சேலத்துப் பெண். எதையும் பச்சை மையில்தான் எழுதுவாள். நல்ல மனசு. டி-ஷர்ட் எக்ஸ்எக்ஸ்எல். எனக்கு நைட்டி மாதிரி இருக்கிறது.

கயிற்றைக் கீழே போட்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "அக்கா, நீங்க எவ்ளோ ஸ்ட்ராங். நானா இருந்தா இதெல்லாம் வாங்கிட்டே வந்திருக்கமாட்டேன்." கண் கலங்கியிருந்தது. பதினைந்து கிலோ கயிறுக்கு இவ்வளவு உருக்கமா?

வீட்டில் கருப்புத் துணியைப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டிருந்தேன். இவர்: "யாரத் தூக்குல போடப் போற?"

பெயர் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

காலை 7.10, ஆபீஸ் பஸ்ஸில்

மேகம் இல்லை. எல்லோரும் பாட்டு. பின்சீட்டில் நான், கயிறு, எலுமிச்சை.

11.30, ரிசார்ட், மாமரத்தடி

விசில் ஊதி விளையாட்டு நடத்த ஒருவனை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரே கத்தல். "இன்னைக்கு யாருக்கும் டேக் கிடையாது! எல்லாரும் சமம்! கழட்டுங்க!" எல்லோரும் கழற்றிக் கூடையில் போட்டார்கள், கைதட்டினார்கள். அந்தக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? வேறு யார்.

கயிறு இழுத்ததில் டெஸ்டிங் டீம் ஜெயம். ஒருவனுக்கு உள்ளங்கை உரிந்தது. ஸ்ப்ரே அடித்தேன். "அக்கா, எரியுது" என்றான். எரியட்டும்.

எலுமிச்சை அறுபதில் இருபதுக்கு மேல் மிதிபட்டுக் கூழ். பேன்ட்ரி மஞ்சுளா பொறுக்கிக்கொண்டே, "ஒரு வாரத்துக்கு லெமன் ரைஸ் ஆயிருக்கும்" என்றாள். அவளுக்கு டி-ஷர்ட்டும் இல்லை.

அ.சா. மைக்கில் பேசினான். நம்பிக்கை, வெளிப்படைத்தன்மை, மனம் விட்டுப் பேசுதல். கேட்கும்போதே கொட்டாவி. பக்கத்தில் நின்ற திவ்யா குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

1.40, பாத்ரூம் பின்னால், படியில்

இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதுகில் பேப்பர் குத்தும் விளையாட்டு. ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு வெள்ளைத் தாள். மற்றவர்கள் வந்து அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டும், பெயர் போடாமல். கடைசியில் எடுத்துப் படித்து நெகிழ வேண்டும். ஒரு ஆள் குறைகிறது என்று திவ்யா என்னை இழுத்துவிட்டாள்.

என் தாளில் இருந்தவை:
காபி மெஷின் குயின்
எப்பவும் சிரிச்ச முகம் (நான் எப்போது சிரித்தேன்?)
ஏசி கொஞ்சம் குறைக்க முடியுமா ப்ளீஸ்
சூப்பர் ஆன்ட்டி

அடியில் பச்சை மையில் ஒன்று. "உங்கள ரொம்ப ரொம்ப மிஸ் பண்ணுவோம் அக்கா. ஏப்ரல்லேர்ந்து இந்த ஆபீஸ் இப்படி இருக்காது."

இரண்டு முறை படித்தேன். பெயர் போடவில்லையாம். கூரியர் ரிஜிஸ்டரில் தினமும் பார்க்கிற கையெழுத்து, பச்சை மை வேறு. திவ்யாவின் மணிக்கட்டைப் பிடித்து இங்கே கூட்டிவந்தேன்.

"ஏப்ரல்ல நான் எங்கடி போறேன்?"

முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... அரவிந்த் சார் சொல்லலையா?"

"என்ன சொல்லல?"

"ஏஜென்சிய மாத்துறாங்க அக்கா. புதுசா வர்றவங்களே ஆள் போடுறாங்களாம். உங்க லெட்டர நான்தான் டைப் பண்ணேன், ரெண்டு வாரமாச்சு. சுகந்திகிட்ட பேசிட்டேன், புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொன்னாரே."

"நீல டேக்?"

"அப்படி ஒண்ணு லிஸ்ட்லயே இல்லக்கா."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். வேலை போனது எனக்கு. தண்ணீர் பாட்டில் திறந்து அவளுக்குக் கொடுத்து, முதுகைத் தடவிக் கொடுத்ததும் நான். இந்தப் பிழைப்பை என்னவென்று சொல்ல.

வயிறு எரிகிறது. போகச் சொன்னதற்காகக் கூட இல்லை. இரண்டு வாரம் தெரிந்து வைத்துக்கொண்டு என்னை எலுமிச்சை பொறுக்க விட்டானே, அதற்கு. அந்த வாயால் அக்கா என்றானே, அதற்கு.

விசில் சத்தம். கண்கட்டு விளையாட்டாம். போகிறேன்.

4.20, ஆனேக்கல் பஸ் ஸ்டாண்ட்

மெஜஸ்டிக் பஸ் இன்னும் வரவில்லை. டீ, ஒரு பன். மேலே போட்டிருந்த டி-ஷர்ட்டைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டேன். ஒரே குடும்பம் என்று போட்டுக்கொண்டு தனியாக பஸ்ஸுக்கு நிற்க வெட்கமாக இருந்தது.

நடந்தது: இருவர் இருவராகப் பிரித்தார்கள். ஒருவருக்குக் கண்கட்டு, இன்னொருவர் தொடாமல் குரலால் மட்டும் வழி சொல்ல வேண்டும். புல்வெளி முழுக்க கோன், டயர். குரல் கேட்காமல் ஓரடி வைத்தாலும் அவுட். துணியை அவிழ்த்தாலும் அவுட்.

"அக்கா என்கூட!" என்றான் அ.சா. போட்டோக்காரனைக் கூப்பிட்டான். எச்.ஆர். ஹெட்டும் மஞ்சள் டேக்கும் கைகோத்த மாதிரி ஒரு படம் வேண்டும் போல. நான் வெட்டிய துணி. நானே கட்டினேன். இறுக்கமாகவே.

"மூணு அடி நேரா சார். வலது பக்கம் ஒண்ணு. நில்லுங்க. கால தூக்கி வைங்க, டயர்."

குழந்தை மாதிரி வந்தான். சொன்னால் நடந்தான், நில் என்றால் நின்றான். இடது பக்கம் பத்தடியில் நீச்சல் குளம். 'நேரா போங்க சார்' என்று இரண்டு முறை சொன்னால் தொப்பென்று விழுந்திருப்பான். மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை, பாவம் பார்த்து அல்ல. விழுந்தால் துண்டுக்கும் மாற்றுத் துணிக்கும் யார் அலைவது? நான்தான்.

நடுவில் நிறுத்தினேன். சுற்றிலும் எழுபது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் எங்கள் பேச்சு கேட்காது.

"சார், என் கான்ட்ராக்ட் என்ன ஆச்சு?"

"அக்கா, இப்பப் போயி... கேமப் பாருங்கக்கா."

"ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

சிரித்தான். கருப்புத் துணிக்குக் கீழே வெள்ளைப் பல். "ப்ராசஸ்ல இருக்குக்கா. என்னை நம்புங்க. இப்ப சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். கடைசி நிமிஷம் வரை ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் வரை கொண்டுபோய் விட்டிருப்பேன், சத்தியமாக.

நான் பேசவில்லை.

"அக்கா? எந்தப் பக்கம்க்கா?"

டேக் கூடையை மஞ்சுளாவிடம் கொடுத்தேன். என் மஞ்சளை அதிலேயே விட்டுவிட்டேன். பையை எடுத்தேன். கேட் வரை நடந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றான். அவுட் ஆகக் கூடாதே.

பஸ் வந்துவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போனது.

போனில் அவனுடைய மிஸ்டு கால் ஒன்பது. திவ்யா மெசேஜ்: பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றானாம். பொறுமையாக விளையாடுகிறார் என்று எல்லோரும் கைதட்டினார்களாம். போட்டோக்காரன் சுற்றிச் சுற்றி எடுத்தானாம். "அக்கா என் மேல கோவமா?" இல்லை என்று பதில் போட்டேன். உண்மையில் இல்லை. அந்த ஆபீஸில் எனக்கு உண்மையைச் சொன்னது அவளுடைய பச்சைப் பேனா ஒன்றுதான்.

இவரிடம் சொன்னேன். "விடு. இத்தன நாள் இந்த முட்டியோட நடக்கலையா?" என்று எழுந்து காட்டினார். எழும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் இவர் மேலேயே எரிந்து விழுந்தேன். சமையலறையில் போய் அழுதேன். பதினோரு வருஷத்தில் இப்போதுதான்.

மார்ச் 9, திங்கள்

வெயில். ஆறரை அலாரம் அடித்தது. அணைத்துவிட்டுப் படுத்தேன்.

லீவு என்று மெசேஜ் போட்டேன். மஞ்சளுக்கு லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. இருக்கட்டும்.

ஏழு மணிக்கு முனிராஜுவே கூப்பிட்டான். "மேடம், இவத்து நீரு பேடவா?" தண்ணீர் வேண்டாமா என்கிறான். இன்றைக்கு வேண்டாம், நான் சொன்னால் மட்டும் வா என்றேன். "சரி மேடம்." ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மனுஷன்.

11.15. அ.சா. போன். எடுத்தேன்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? சனிக்கிழமை திடீர்னு... சரி அத விடுங்க. டேங்க்ல ஒரு சொட்டு தண்ணி இல்லக்கா. மூணு ஃப்ளோர்லயும் பாத்ரூம் நாறுது. எல்லாரும் என் முன்னாடி வந்து நிக்கறாங்க. டேங்கர் ஏன் இன்னைக்கு வரல?"

"யாரும் கூப்பிடல சார்."

"கூப்பிடணுமா?" பதற்றத்தில் ஊர் பேச்சு வந்துவிட்டது. "அது தானா வர்றதில்லீங்களா?"

நான்கு வருஷமாக அந்தத் தண்ணீரில் கை கழுவுகிறான்.

"தானா எதுவும் வராது சார்."

"நம்பர் எதுலயும் இல்லக்கா, சிஸ்டம் ஃபுல்லா தேடிட்டேன். சொல்லுங்க, எழுதிக்கறேன்."

நம்பர் இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில். மடியில்தான் இருந்தது.

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு. என் வேலை போயிடுச்சுன்னு எனக்கு எப்ப சொல்றதா இருந்தீங்க?"

அவன் பின்னால் யாரோ "சார், தேர்ட் ஃப்ளோர் லேடீஸ்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்கள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன்.

"முப்பதாம் தேதி சொல்லலாம்னு இருந்தேன்க்கா. அவுட்டிங், இயர் எண்ட் வேலையெல்லாம் முடியட்டுமேன்னு..."

"சரிங்க சார். டேங்கர் நம்பரும் முப்பதாம் தேதியே சொல்றேன்."

வைத்துவிட்டேன்.

முட்டித் தைலம் தீர்ந்துவிட்டது. மதியம் போய் வாங்க வேண்டும்.